மஞ்சளுக்காக எழுதிய மனு: ஆக்கவுரிமையை ஆட்சேபிக்கும் வழி

எங்கள் ஊர்களில் "பெட்டிசம்" என்ற சொல்லுக்கு நல்ல பெயர் கிடையாது. ஒருவர் புதிதாகக் கடை திறந்தாலும், மேல்மாடி கட்டினாலும், நல்ல இடத்துக்கு மாற்றம் வாங்கினாலும், பெயர் போடாத கடிதமொன்று கச்சேரிக்கோ பிரதேச சபைக்கோ போய்ச் சேர்ந்துவிடும். பொறாமையால் எழுதப்படும் அப்படியான கடிதங்களை மார்க்கம் தெரிந்தவர்கள் வெறுப்பது நியாயமே.

ஆனால் வியாபார உலகில் சட்டமே இடம் கொடுத்துள்ள வேறொரு மனு இருக்கிறது. அரச அலுவலகமொன்று ஒருவருக்குத் தனியுரிமை வழங்கப் போகிறது, அல்லது வழங்கிவிட்டது. அந்த உரிமை நமது பிழைப்பைப் பாதிக்கிறது. அல்லது நமது விண்ணப்பத்தையே அந்த அலுவலகம் முறை தவறிக் கையாள்கிறது. அப்போது யாரிடம், எத்தனை நாளுக்குள், எந்த ஆதாரத்தோடு முறையிடலாம் என்பதை வியாபாரிகள் பலர் தெரிந்து வைத்திருப்பதில்லை. நான் சட்டத்தரணி அல்லன், வியாபாரி. இருந்தும், சாமான் வாங்கி விற்கும் எவருக்கும் இது தேவைப்படும் என்பதால் இவ்வாரம் பேட்டன்ட் எனப்படும் ஆக்கவுரிமையைப் பற்றி எழுதுகிறேன்.

ஆக்கவுரிமை என்றால் என்ன?

புதிய பொருளொன்றையோ புதிய செய்முறையொன்றையோ கண்டுபிடித்தவருக்கு, குறிப்பிட்ட காலம் வரை அதை வேறெவரும் செய்யவோ விற்கவோ கூடாது என்று அரசு கொடுக்கும் உரிமையே ஆக்கவுரிமை. நமது நாட்டில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் இது வழங்கப்படுகிறது. விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடங்கள் செல்லும். ஒரு நாட்டில் பெற்ற உரிமை அந்த நாட்டுக்குள் மட்டுமே செல்லுபடியாகும். அமெரிக்காவில் பெற்றதைக் காட்டிக் கொழும்பில் எவரையும் தடுக்க முடியாது. ஆனால் அமெரிக்காவுக்குச் சரக்கு அனுப்புபவரை அங்கே தடுக்கலாம். ஏற்றுமதியாளர்களுக்குச் சிக்கல் வருவது இங்கேதான்.

விண்ணப்பத்தின் உயிர்நாடி "உரிமைக்கோரிக்கை" என்ற பகுதியாகும். காணி உறுதியில் எல்லை எழுதுவது போல, "இன்னது வரைக்கும் என்னுடையது" என்று இலக்கமிட்டு அதில் எழுதுவார்கள். அந்த எல்லைக்குள் இருப்பது உண்மையிலேயே புதியதா என்று பார்ப்பது பரிசோதகரின் வேலை. பரிசோதகரும் மனிதர்தான். கையில் இருக்கும் ஏடுகளை வைத்துத்தான் அவர் தீர்மானிக்கிறார்.

இரண்டு வாசல்கள்

உலகில் அதிகம் பேசப்படும் அமெரிக்க முறையை உதாரணமாக எடுத்துக் கொள்வோம். அங்கே விண்ணப்பதாரருக்கு இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று மேன்முறையீடு, மற்றது மனு.

"உங்கள் பொருள் புதியதல்ல" என்றோ "இது எவருக்கும் தோன்றக்கூடியது" என்றோ பரிசோதகர் கோரிக்கையை நிராகரித்தால், அது கருப்பொருள் பற்றிய தீர்மானம். அதற்கு மேன்முறையீட்டுச் சபைக்குப் போக வேண்டும். பரிசோதகர் உரிய காலத்துக்கு முன்பே "இது இறுதி முடிவு" என்று கதவை மூடிவிட்டாலோ, கொடுத்த திருத்தத்தைக் கோப்பில் சேர்க்க மறுத்தாலோ, விண்ணப்பம் கைவிடப்பட்டதாகத் தவறுதலாகப் பதிந்தாலோ, அது நடைமுறை பற்றிய பிரச்சினை. அதற்கு அலுவலகப் பணிப்பாளருக்கு மனு எழுத வேண்டும்.

நமக்குப் பழக்கமான உதாரணமொன்று சொல்கிறேன். சுங்கத்தில் "இந்தச் சாமானுக்கு இந்த வரி பொருந்தாது" என்று வாதாடுவது ஒன்று. "என் பைலை வரிசைப்படி எடுக்கவில்லை" என்று முறையிடுவது வேறொன்று. முதலாவதைச் சொல்ல வேண்டிய இடத்தில் இரண்டாவதைச் சொன்னால் காரியம் நடக்காது. அமெரிக்க அலுவலகத்திலும் வாசல் மாறிப் போனால் மனு திருப்பி அனுப்பப்படும். அதற்குள் தவணையும் போய்விடும்.

தவணை பற்றி இரு விடயங்களை மனதில் வைக்க வேண்டும். முதலாவது, இவ்வாறான நடைமுறை மனுவை, முறையிடப்படும் நடவடிக்கை நடந்த 2 மாதங்களுக்குள் கொடுக்க வேண்டும். பிந்தினால் அந்தக் காரணத்துக்காகவே தள்ளிவிடலாம். இரண்டாவது, மனு கொடுத்துவிட்டோம் என்பதற்காகக் கடிகாரம் நின்றுவிடாது. பரிசோதகரின் கடிதத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய காலம் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டேயிருக்கும். "மனு போட்டிருக்கிறேன், முடிவு வரட்டும்" என்று கையைக் கட்டிக்கொண்டு இருந்தவரின் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். அப்படிக் கைவிடப்பட்டதை மீண்டும் எழுப்பவும் ஒரு மனு உண்டு. தாமதம் வேண்டுமென்று செய்ததல்ல என்று உறுதி கூறி, கட்டணமும் செலுத்த வேண்டும்.

வெளியார் ஆட்சேபிப்பது எப்படி?

வேறொருவருக்கு வழங்கப்பட்ட உரிமையை ஆட்சேபிப்பது அடுத்த கட்டம். அமெரிக்காவில் 1981 ஆம் ஆண்டு ஜூலை முதல் மறுபரிசோதனை என்ற முறை நடைமுறையில் இருக்கிறது. எவரும், எந்த நாட்டவரும், ஆக்கவுரிமை உயிரோடு இருக்கும் எந்தக் காலத்திலும் இதைக் கேட்கலாம். சட்டத்தரணி ஊடாகக் கொடுத்தால் பின்னால் நிற்பவரின் பெயரைக்கூட வெளியிடத் தேவையில்லை. நமது ஊர்ப் பெட்டிசத்தோடு அதற்குள்ள ஒரே ஒற்றுமை இதுதான்!

ஆனால் மற்றதெல்லாம் கடுமையானது. கட்டணம் கனமானது. ஆதாரமாக ஏற்கப்படுவன இரண்டே இரண்டு வகைதான்: முந்திய ஆக்கவுரிமைகள், அச்சில் வெளிவந்தவை. "எங்கள் உம்மம்மா காலத்திலிருந்து இதைச் செய்கிறோம்" என்பது உண்மையாக இருக்கலாம். அந்த வாசலில் அது எடுபடாது.

கோரிக்கை கிடைத்த 3 மாதங்களுக்குள், பரிசீலிக்கத் தகுந்த புதிய கேள்வி இருக்கிறதா என்று அலுவலகம் தீர்மானிக்கும். இல்லை என்று மறுத்தால், ஆட்சேபித்தவர் 1 மாதத்துக்குள் பணிப்பாளருக்கு மனு எழுதலாம். பணிப்பாளரும் மறுத்துவிட்டால் அதுவே முடிவு. அதற்கு மேல் நீதிமன்றம் போக வழியில்லை. செலுத்திய கட்டணத்தில் ஒரு பகுதி மாத்திரம் திரும்பக் கிடைக்கும்.

மறுபரிசோதனை செய்வதாக அலுவலகம் உத்தரவிட்டால், உரிமையாளருக்குத் தன் கூற்றைச் சொல்லக் குறைந்தது 2 மாதம் கொடுக்கப்படும். அவர் சொன்னால், ஆட்சேபித்தவர் 2 மாதத்துக்குள் ஒரு பதில் கொடுக்கலாம். அவர் வாய் திறக்காவிட்டால் ஆட்சேபித்தவருக்கும் பேச இடமில்லை. இதனாலேயே விவரம் தெரிந்த உரிமையாளர்கள் பலர் அந்தக் கட்டத்தில் மௌனமாக இருந்துவிடுகிறார்கள். அதன்பின் பேச்செல்லாம் பரிசோதகருக்கும் உரிமையாளருக்கும் இடையில்தான். கடிதங்களின் பிரதி ஆட்சேபித்தவருக்கு வரும். வாசித்துவிட்டு இருக்க வேண்டியதுதான். முடிவை எதிர்த்து மேன்முறையீடு செய்யும் உரிமையும் உரிமையாளருக்கு மட்டுமே.

ஆகவே ஆட்சேபிப்பவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரே ஒரு சந்தர்ப்பம். முதல் நாள் கொடுக்கும் கட்டில் எல்லாம் இருக்க வேண்டும். "மற்றதைப் பிறகு தருகிறேன்" என்ற கதைக்கு அங்கே இடமில்லை.

மஞ்சள் ஜெயித்தது எதனால்?

1995 மார்ச் மாதம் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்துக்கு, காயத்தை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு அமெரிக்க ஆக்கவுரிமை கிடைத்தது. கையை வெட்டிக்கொண்டால் மஞ்சள் வைத்துக் கட்டும் நமக்கு இது சிரிப்பாக இருக்கும். ஆனால் சிரித்தால் உரிமை ரத்தாகாது.

இந்தியாவின் விஞ்ஞான, கைத்தொழில் ஆராய்ச்சி மன்றம் 1996 ஒக்டோபரில் மறுபரிசோதனை கேட்டது. பாட்டிமார் சொன்னார்கள் என்று அவர்கள் எழுதவில்லை. 32 ஆதாரங்களைக் கட்டாக வைத்தார்கள். சமஸ்கிருதம், உருது, ஹிந்தி மொழிகளிலிருந்த பழைய நூற்பகுதிகளும் அவற்றில் இருந்தன. சில நூறு வருடங்களுக்கு மேல் பழைமையானவை. 1953 இல் இந்திய வைத்திய சங்கத்தின் சஞ்சிகையில் வந்த கட்டுரையும் இருந்தது. 1997 ஓகஸ்ட் மாதம் அலுவலகம் கோரிக்கைகளை நிராகரித்தது. மனு கொடுத்து ஒரு வருடத்துக்குள் அந்த நிராகரிப்பு வந்தது.

கோடிக்கணக்கான வீடுகளில் நடந்துவந்த பழக்கம் அங்கே எண்ணிக்கையில் சேரவில்லை. யாரோ ஒருவர் என்றோ எழுதி, அச்சிட்டு, நூலகமொன்றில் போட்டு வைத்த காகிதம்தான் உதவியது.

பாஸ்மதி விடயத்திலும் இப்படித்தான். 1997 செப்டெம்பரில் டெக்சஸ் மாநிலத்து ரைஸ்டெக் கம்பனிக்கு 20 கோரிக்கைகளுடன் பாஸ்மதி அரிசி தொடர்பான ஆக்கவுரிமை கிடைத்தது. 2000 ஏப்ரலில் இந்தியா அவற்றில் மூன்றை மட்டும் ஆட்சேபித்தது. அரிசி மணியின் இயல்பையே சொந்தம் கொண்டாடியவை அவை. கம்பனி அந்த மூன்றையும் இன்னொன்றையும் தானாகவே கைவிட்டது. அலுவலகம் மிச்சத்தையும் ஆராய்ந்தது. 2002 ஜனவரியில் முடிவு வந்தபோது ஐந்து கோரிக்கைகளே எஞ்சின. அவையும் அந்தக் கம்பனி உருவாக்கிய குறிப்பிட்ட நெல் வகைகள் பற்றியவை. ஆக்கவுரிமையின் தலைப்பில் இருந்த பாஸ்மதி என்ற பெயரும் போய்விட்டது.

ஜெயித்தும் பத்து வருடம் நட்டப்பட்ட கதை

எல்லா ஆட்சேபனைகளும் இப்படிச் சுருக்கமாக முடிவதில்லை. வியாபாரிகள் கட்டாயம் அறிய வேண்டியது மெக்சிக்கோவின் மஞ்சள் போஞ்சி விதையின் கதை. நாம் கௌபி அவித்துச் சாப்பிடுவது போல அங்குள்ளவர்கள் அந்த விதையை அன்றாடம் சாப்பிடுகிறார்கள்.

1994 இல் கொலராடோவைச் சேர்ந்த ஒரு விதை வியாபாரி மெக்சிக்கோவில் பல நிறப் போஞ்சி விதைகள் அடங்கிய பொதியொன்றை வாங்கினார். மஞ்சளைப் பொறுக்கி எடுத்து, ஊரில் சில போகம் விதைத்து, இனோலா என்று பெயரிட்டு விண்ணப்பித்தார். 1999 ஏப்ரலில் ஆக்கவுரிமை கிடைத்தது. அதே வருடமே, மெக்சிக்கோவிலிருந்து மஞ்சள் விதை இறக்குமதி செய்வோருக்கு எதிராக வழக்குப் போட்டார். இறாத்தலுக்கு 6 சதம் கேட்டார். தலைமுறை தலைமுறையாக அந்த விதையைப் பயிரிட்டவர்களின் சரக்கு, வாங்க வந்த ஒருவருக்குக் கப்பம் கட்ட வேண்டியதாயிற்று.

கொலம்பியாவின் காலி நகரிலுள்ள சர்வதேச வெப்பவலய விவசாய நிலையம் 2000 டிசம்பரில் மறுபரிசோதனை கேட்டது. அவர்களது விதை வங்கியில் மஞ்சள் நிற வகைகள் ஏராளம் இருந்தன, பதிவுகளும் இருந்தன. ஆதாரம் பலமானது. ஆனாலும் பரிசோதகரின் இறுதி நிராகரிப்பு வந்தது 2005 டிசம்பரில். உரிமையாளர் மேன்முறையீட்டுச் சபைக்குப் போனார். 2008 ஏப்ரலில் அங்கேயும் தோற்றார். பிறகு நீதிமன்றம் போனார். 2009 ஜூலையில் அங்கும் தோற்றார்.

உரிமை கிடைத்ததிலிருந்து பத்து வருடத்துக்கு மேல்! சட்டப்படி, மறுபரிசோதனை முடிந்து ரத்துச் சான்றிதழ் வெளியாகும் வரை ஆக்கவுரிமை செல்லுபடியாகும். அத்தனை காலமும் இறக்குமதியாளர் ஒவ்வொரு கொள்கலனுக்கும் பயந்து பயந்து கணக்குப் பார்க்க வேண்டியிருந்தது. ஆட்சேபித்த நிலையத்துக்கோ, முதல் கட்டைக் கொடுத்த பின் காரியத்தை விரைவுபடுத்தப் பெரிய வழியில்லை. சிறிய ஏற்றுமதியாளர் ஒருவர் அவ்வளவு காலம் தாக்குப்பிடிப்பாரா?

2012 செப்டெம்பர் முதல் அமெரிக்காவில் இரு தரப்பும் கடைசிவரை வாதாடக்கூடிய இன்னொரு மீளாய்வு முறையும் இருக்கிறது. அதில் ஆட்சேபிப்பவர் நடுவில் ஊமையாக்கப்படுவதில்லை. ஆனால் செலவு பல மடங்கு. ஆதாரம் அங்கேயும் அச்சில் வந்ததுதான். அதே வருடம் முதல், உரிமை வழங்கப்படுவதற்கு முன்பே வெளியார் ஆவணங்களைப் பரிசோதகருக்குச் சமர்ப்பிக்கும் வசதியும் வந்துள்ளது. நோய் முற்றுமுன் மருந்து கொடுப்பது போல, இதுவே மலிவான வழி.

மற்ற நாடுகளில்

எல்லா நாட்டு வாசலும் ஒரே அளவல்ல. ஐரோப்பாவில் உரிமை வழங்கி 9 மாதங்களுக்குள் எவரும் எதிர்க்கலாம். அங்கே பாவனையும் வாய்மொழிச் சாட்சியும் ஆதாரமாகும். வேப்பெண்ணெயிலிருந்து பூஞ்சைக்கொல்லி செய்யும் முறைக்கு அமெரிக்கக் கம்பனியொன்றும் அந்நாட்டு விவசாயத் திணைக்களமும் பெற்ற உரிமை 2000 ஆம் ஆண்டில் ரத்தானது. அதே மாதிரியான முறையை முன்பே கையாண்டிருந்த இந்தியத் தொழிற்சாலைக்காரர் ஒருவரின் சாட்சியம் அதில் பெரிதும் உதவியது. 2005 மார்ச்சில் மேன்முறையீட்டிலும் அந்த ரத்து உறுதியானது. இந்தியாவில் உரிமை வழங்கும் முன்பே எவரும் எதிர்க்கலாம். வழங்கியபின் பாதிக்கப்படுபவர் ஒரு வருடத்துக்குள் எதிர்க்கலாம்.

நமது 2003 சட்டம், உலகில் எங்காவது எழுத்தாலோ வாய்மொழியாலோ பாவனையாலோ முன்பே வெளிப்பட்டதைப் புதியது அல்ல என்கிறது. இது நல்ல ஏற்பாடு. ஆனால் வழங்கப்பட்ட உரிமையைச் செல்லுபடியற்றதாக்க நீதிமன்றம் போக வேண்டும். அங்கேயும் நீதிபதி கேட்கப்போவது ஆதாரத்தைத்தான்.

நாம் செய்ய வேண்டியது

கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறும், சாட்சிகளை ஏற்படுத்துமாறும் சூரா அல்பகராவின் 282 ஆவது வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் அதுதான். கடனை எழுதி வைப்பதில் கவனமான வியாபாரிகளும், தம் கைத்தொழிலை எழுதி வைப்பதில் அசட்டையாக இருக்கிறார்கள். மசாலாக் கலவை, தைலம், பேரீச்சம்பழப் பதப்படுத்தல், மாணிக்கக் கல்லைச் சூடாக்கும் முறை என்று நம்மவர் கையில் எத்தனையோ உண்டு.

ஒரு விடயத்தைத் தெளிவாக விளங்கிக்கொள்ள வேண்டும். அலமாரிக்குள் பூட்டிய கொப்பி அச்சில் வெளிவந்ததாகாது. பொதுமக்கள் பார்க்கக்கூடியதாக இருந்தால் மட்டுமே அது அந்த வாசலில் ஆதாரம். திகதியுள்ள பத்திரிகை விளம்பரம், சரக்குப் பட்டியல் நூல், சமையல் நூல், சஞ்சிகைக் கட்டுரை என்பன உதவும். பற்றுச்சீட்டும் லேபிளும் நமது நீதிமன்றத்தில் பாவனையைக் காட்ட உதவும்.

"எழுதி வெளியிட்டால் தொழில் ரகசியம் போய்விடுமே" என்று கேட்பீர்கள். உண்மைதான். ஆகவே மூன்றில் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும். உண்மையிலேயே புதியதென்றால், கண்காட்சியில் வைக்குமுன் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். ரகசியமாக வைப்பதென்றால், நாளை இன்னொருவர் அதற்கு உரிமை எடுக்கும்போது அமெரிக்காவின் மறுபரிசோதனை வாசலில் உங்களிடம் காட்டக் காகிதம் இருக்காது என்பதை அறிந்தே வையுங்கள். ஊருக்கே பொதுவான முறை என்றால், தாமதிக்காமல் எழுதி வெளியிடுங்கள். எவரும் அதைத் தனதாக்க முடியாது.

இந்தியா 2001 இல் பாரம்பரிய அறிவு டிஜிட்டல் நூலகத்தைத் தொடங்கி, ஆயுர்வேதம், யூனானி, சித்த வைத்திய நூல்களிலுள்ள முறைகளை ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு, ஜப்பானியம், ஸ்பானிய மொழிகளில் தொகுத்தது. 2009 இல் ஐரோப்பிய, அமெரிக்கப் பரிசோதகர்களுக்கு அதைப் பார்க்க வழி செய்தது. மனு எழுதும் தேவையே வராமல், பரிசோதகரின் மேசையிலேயே ஆதாரத்தை வைக்கும் ஏற்பாடு இது. நமது யூனானி வைத்தியக் குடும்பங்களின் பெட்டிகளில் அரபுத் தமிழில் எழுதிய பழைய கையேடுகள் கிடக்கின்றன. கறையான் தின்னுமுன் அவற்றைப் படியெடுத்து, பொருள் எழுதி, அச்சேற்றுவது வாரிசுகள் மீதுள்ள அமானிதம். பள்ளிவாசல் நிர்வாகங்களும் வர்த்தக சங்கங்களும் முன்வந்தால் பெரிய செலவில்லாத காரியம்.

ஏற்றுமதி செய்பவர்கள் இன்னொன்றையும் செய்ய வேண்டும். சரக்குப் போகும் நாட்டில் அந்தச் சரக்கின் பெயரில் என்ன விண்ணப்பங்கள் வந்திருக்கின்றன என்று வருடத்துக்கொரு முறையாவது பார்ப்பிக்க வேண்டும். பரிசோதனைக் கட்டத்தில் ஒரு கட்டுக் காகிதத்தோடு முடியும் வேலை, உரிமை வழங்கியபின் பல வருடங்களையும் பல லட்சங்களையும் விழுங்கிவிடும். சந்தேகமான கடிதம் ஏதும் வந்தால், அதன் திகதியை முதலில் குறித்துக்கொண்டு, அன்றைக்கே சட்டத்தரணியிடம் போங்கள். இந்த விடயத்தில் 1 மாதம், 2 மாதம் என்பது மிகக் குறுகிய காலம்.

பொறாமையால் எழுதும் பெட்டிசம் எழுதியவரையே கெடுக்கும். உண்மையை ஆதாரத்தோடு, உரிய வாசலில், உரிய நாளுக்குள் எழுதும் மனு ஊரின் சொத்தைக் காக்கும். அதற்கான காகிதத்தை இன்றே சேர்க்கத் தொடங்குவோம், இன்ஷா அல்லாஹ்.